ஊழியமும் பணிவிடையும்: அய்யா வைகுண்டர் வாழ்வு காட்டும் தொழில் தர்மம்

அய்யா உண்டு.

திருஏடு வாசிப்பு நாட்களில் அய்யாவின் அவதாரம், தவம், சிறை, துவையல் எல்லாவற்றையும் நாம் வரிசையாகக் கேட்கிறோம். கேட்டு மனம் உருகுகிறோம். இந்தச் சிறு கட்டுரையில் அந்தப் பெருவாழ்வை ஒரே ஒரு கேள்வியோடு மறுபடி நினைத்துப் பார்க்கலாம். ஒருவன் உழைக்கிறான், அந்த உழைப்பின் பலன் யாரைச் சேர வேண்டும்? கொடுக்கல் வாங்கல், கூலி, வரி, தொழில் என்று நாம் நாள்தோறும் கையாளும் காரியங்களில் அய்யா எந்தப் பக்கம் நின்றார்கள்? கடை வைத்திருப்பவர், தோட்டம் வைத்திருப்பவர், கட்டிட வேலை எடுத்துச் செய்பவர், கூலிக்குப் போகிறவர் என்று எல்லோரும் நம் தாங்கல்களில் ஒன்றாக நிற்கும் காலம் இது. அதனால் இந்தக் கேள்வி நமக்கு மிகவும் வேண்டியது.

அய்யா பிறந்த மண்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. மணலும் செம்மண்ணும் கலந்த விளைகள். விளை முழுக்கப் பனை. நம் முன்னோர்களில் பெரும்பாலோருக்குப் பனையே பிழைப்பு. விடியுமுன் திளாப்பும் முருக்குத்தடியும் எடுத்துக்கொண்டு போய், பாளை சீவி, அக்கானி இறக்கி வருவார்கள். மாலையில் மறுபடியும் அதே மரங்களில் ஏறிப் பாளை சீவ வேண்டும். இறக்கிய அக்கானியை வீட்டுப் பெண்கள் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். ஆண் மரத்தில், பெண் அடுப்படியில். ஒரு குடும்பம் முழுவதும் உழைத்தால்தான் ஒரு பானை கருப்பட்டி.

ஏறுகிற மரம் பெரும்பாலும் வேறொருவருடையது. ஒரு நாள் அக்கானி ஏறியவனுக்கு, மறுநாள் அக்கானி மரத்துக்காரருக்கு என்று பங்கு வைப்பது வழக்கம். அதோடு முடிந்திருந்தால் எப்படியோ பிழைத்திருப்பார்கள். அரசு வரி வந்தது. தலைக்கு வரி, மரத்துக்கு வரி, ஏறுகிற கருவிக்கு வரி. பதினாறு வயதிலிருந்து அறுபது வயது வரைக்கும் ஆண் என்று பிறந்தவன் தன் தலைக்கு வரி கட்ட வேண்டும். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தத் தலைவரி கிடையாது. சம்பாதிக்கிறவனுக்கு வரி என்று இல்லாமல், தாழ்த்தி வைக்கப்பட்டவனுக்கு வரி என்று இருந்தது.

வரியை விடக் கொடியது ஊழியம். ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. பிரவர்த்திக்காரரிடமிருந்து ஆள் வந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதிகாரிகளின் சுமையைத் தூக்க வேண்டும். ஓலை, விறகு, காய்கறி என்று கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று கணக்கில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்பாரும் இல்லை. மாட்டேன் என்றால் அடி.

இத்தனைக்கும் பிறகு ஒருவன் மிச்சம் பிடித்து நாலு காசு சேர்த்தாலும், அந்தக் காசை வைத்து அவன் என்ன செய்யலாம் என்பதையும் மற்றவர்களே தீர்மானித்தார்கள். செருப்பு போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. ஓட்டு வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மேலாடையால் மறைக்கக் கூடாது. ஆண்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். உழைக்கத் தடையில்லை, உழைப்பின் பலனை அனுபவிக்க மட்டும் தடை. இதைத்தான் நம் திருஏடு கலியின் கொடுமை என்று சொல்லுகிறது.

முத்துக்குட்டி

அந்தக் காலத்தில், 1809ஆம் ஆண்டு, பூவண்டன்தோப்பு என்று அன்று பேர் பெற்றிருந்த இன்றைய சாமிதோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். பனையேறிப் பிழைப்பவன் பிள்ளைக்கு முடிசூடும் பேரா என்று மேல்சாதிக்காரர்கள் சினந்தார்கள். பேர் முத்துக்குட்டி என்று மாறியது. பிள்ளைக்குப் பிடித்த பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடப் பெற்றவர்களுக்கு உரிமை இல்லாத காலம் அது.

முத்துக்குட்டி வளர்ந்தார். சிறு வயதிலேயே பக்தி மிகுந்தவர். வீட்டில் விஷ்ணுவுக்குப் பீடம் வைத்து வணங்கினார். திருமாலம்மாளை மணந்து குடும்பம் நடத்தினார். வயலிலும் விளையிலும் வேலை செய்தும் பனையேறியும் பிழைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். இதை நாம் மறக்கக் கூடாது. பிற்காலத்தில் உழைக்கிறவனுக்காகப் பேசியவர், உழைப்பைத் தூரத்தில் நின்று பார்த்தவர் அல்லர். மரத்தின் செதிள் மார்பில் உரசுகிற எரிச்சலும், வரி கட்ட முடியாதவன் வீட்டு இருட்டும் அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதை ஒட்டிக் கடும் நோய் வந்தது. ஏறத்தாழ ஓராண்டு படுக்கை. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் குணமாகும் என்று தாய்க்குத் தோன்றியது. உறவினர்கள் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே கடலுக்குள் போன முத்துக்குட்டியைக் காணவில்லை. தாயும் மற்றவர்களும் அழுது தேடினார்கள். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833 மார்ச் மாதத்தில், அய்யா வைகுண்டராகக் கடலிலிருந்து எழுந்தருளினார்கள். பெற்ற தாய் ஓடிவந்தபோது, தாம் இனி ஒரு தாய்க்கு மட்டும் பிள்ளை இல்லை என்று அவர்கள் உணர்த்தியது நாம் எல்லோரும் அறிந்த வரலாறு. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் நாம் அவதாரத் திருநாளாகக் கொண்டாடுகிறோம்.

தவமும் காணிக்கை வேண்டாமையும்

தெச்சணம் திரும்பிய அய்யா பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். முதல் தவம் யுகத்துக்காகவும், இரண்டாம் தவம் சாதிக் கொடுமை தீரவும், மூன்றாம் தவம் பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று திருஏடு வழி நாம் அறிகிறோம். நோய் தீரவும், மனக்குறை சொல்லவும் ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். தண்ணீரும் மண்ணும்தான் அய்யா கொடுத்த மருந்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை கூட்டம் வந்த இடத்தில் அய்யா காணிக்கை கேட்கவில்லை. உண்டியல் வைக்கவில்லை. ஆடு கோழி பலி வேண்டாம் என்றார்கள். காவடி வேண்டாம் என்றார்கள். ஏன்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி கொடுத்து, மரத்துக்காரர் பங்கு கொடுத்து, ஊழியத்துக்குப் போய் நாளையும் இழந்த ஒருவன் கையில் மிச்சம் இருப்பது எவ்வளவு? அந்த மிச்சத்தையும் பேயின் பேரைச் சொல்லியும் நேர்ச்சையின் பேரைச் சொல்லியும் வாங்கிப்போக ஆட்கள் இருந்தார்கள். பயந்தவன் கடன் வாங்கியாவது ஆடு வாங்கிக் கொடுத்தான். அந்தப் பயத்தை அய்யா நீக்கினார்கள். பயம் போனதும் செலவு போனது. ஏழையின் கையில் காசு தங்கியது. நெற்றியில் இடும் நாமம்கூட மண்தான். அதற்கு விலை இல்லை. ஏழை இடும் நாமமும் பணக்காரர் இடும் நாமமும் ஒரே மண்.

துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றவர்களை, தலையில் பாகை கட்டி அய்யாவின் முன் நிற்கச் சொன்னார்கள். பள்ளியறையில் கண்ணாடி வைத்தார்கள். அந்தக் கண்ணாடியில் பனையேறி தன் முகத்தைக் கண்டான், தலைப்பாகையோடு கண்டான். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவன் தன் கூலியை நிமிர்ந்து கேட்கமாட்டான். அதனால் முதலில் நிமிரச் செய்தார்கள்.

சிறையும் ஒரு சீட்டும்

ஊழியமும் வரியும் அநீதி என்று அய்யா வெளிப்படையாகச் சொன்னார்கள். ஊழியம் செய்ய ஆள் கிடைக்காமல் போகுமோ என்ற பயம் மேல்தட்டில் பரவியது. அன்று திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அவர் சுசீந்திரம் வந்திருந்த நேரத்தில் அய்யாவைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அரசன் அய்யாவைப் பிடித்துவர ஆள் அனுப்பினான்.

அப்போது அரசனுக்கு நல்ல புத்தி சொன்னவர் ஒருவர் உண்டு. ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர். அய்யாவைத் தொட வேண்டாம், அவர் சாதாரண மனிதர் அல்லர் என்று அவர் அரசன் முன் எடுத்துச் சொன்னார் என்று திருஏடு அவரைப் பேர் சொல்லிப் போற்றுகிறது. பூவண்டருக்கு அதனால் ஆதாயம் எதுவும் இல்லை. அரசன் கோபம்தான் மிச்சம். ஆனாலும் தன் குலம் வேறு, அவர் குலம் வேறு என்று ஒதுங்காமல் நியாயத்தைச் சொன்னார். நியாயம் பேசுவதற்குப் பாதிக்கப்பட்டவனின் சாதியில் பிறந்திருக்க வேண்டியது இல்லை என்பதற்கு அவர் சாட்சி.

அரசன் கேட்கவில்லை. அய்யாவைக் கட்டி அடித்துக் கொண்டுபோனார்கள். கூடி நின்ற சான்றோர் மக்கள் பொங்கினார்கள். பொறுத்திருக்கும்படி அய்யா கையமர்த்தினார்கள். சுசீந்திரத்திலும், பிறகு திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பிலும் சிறை. நெருப்பில் சோதித்தார்கள்; பட்டினி போட்ட புலியின் கூண்டில் விட்டார்கள். ஒன்றும் அய்யாவைத் தீண்டவில்லை. 110 நாள் சிறைக்குப் பின், கொல்லம் 1014 மாசியில், அதாவது 1839இல், விடுதலை செய்ய அரசன் சம்மதித்தான்.

விடும்போது ஒரு நிபந்தனை வைத்தார்கள். தம் சாதி மக்களோடு மட்டும் இருந்துகொள்வதாக அய்யா ஒப்புக்கொண்டு சீட்டு எழுதித் தர வேண்டும் என்பது அந்த நிபந்தனை. வெளியே இருந்து பார்த்தால் இது பெரிய நிபந்தனையாகத் தெரியாது. தம் மக்களுக்குத் தாராளமாக நன்மை செய்யலாம். மற்றவர்கள் விஷயத்தில் தலையிடாமல் இருந்தால் போதும். எத்தனையோ தலைவர்கள் இதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். அய்யா ஒப்பவில்லை. அந்தச் சீட்டுக்கு இணங்காமலே வெளியே வந்தார்கள். பதினெட்டுச் சாதியும் தம் மக்கள் என்பதில் அவர்கள் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை.

மக்களே, அய்யாவின் தொழில் தர்மம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அதன் ஆணிவேர் இந்தச் சீட்டு மறுப்பில் இருக்கிறது. என் ஆட்கள் மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்பது கலியின் கணக்கு. ஊழியம் என் தோளிலிருந்து இறங்கி இன்னொருவன் தோளில் ஏறினால், ஊழியம் ஒழிந்தது ஆகாது. தோள் மாறியது, அவ்வளவுதான்.

துவையலும் கிணறும் தாங்கலும்

சிறையிலிருந்து வந்த பின் அய்யா துவையல் தவசுக்கு மக்களை அனுப்பினார்கள். எழுநூறு குடும்பங்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் கடற்கரையில் தங்கினார்கள். தினமும் கடலில் குளியல், துணி துவைப்பு. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கிய உணவு, அதுவும் அளவாக. இறைச்சி, மீன், கள் எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே தரை.

அழுக்குத் துணியோடு, ஒழுங்கில்லாமல் இருப்பவர்கள் என்று சொல்லித்தான் அந்த மக்களை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். தினம் இரண்டு தடவை மரம் ஏறி, நடுவில் ஊழியத்துக்கும் போகிறவனுக்குத் துணி துவைக்க நேரம் ஏது? அய்யா அந்த நேரத்தை அவர்களுக்கு உண்டாக்கிக் கொடுத்தார்கள். சுத்தம், சேர்ந்து வாழ்தல், உள்ளதைப் பங்கிட்டுத் தின்னுதல் இவற்றைப் பழகிய குடும்பங்கள் ஊர் திரும்பியபோது வேறு மனிதர்களாகத் திரும்பின. கள்ளுக்கும் நேர்ச்சைக்கும் போன காசு பிள்ளைகளுக்கு ஆயிற்று.

சாமிதோப்பில் முத்திரிக் கிணறு தோண்டச் செய்து, எல்லாச் சாதியாரும் அந்த ஒரே தண்ணீரில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து உண்ணச் செய்தார்கள். கிணறு என்பது அந்தக் காலத்தில் வெறும் தண்ணீர் அல்ல. எந்தக் கிணற்றில் இறங்கலாம், எந்தச் சந்தைக்குள் போகலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதில்தான் ஒருவனுடைய பிழைப்பே இருந்தது. தெருவில் நடக்க முடியாதவன் தன் கருப்பட்டியைத் தானே விற்க முடியாது. இடையில் ஒருவர் வாங்கிப்போய், அவர் சொன்னதே விலையாக இருக்கும். தீட்டு என்பது மானத்தை மட்டும் கெடுக்கவில்லை. உழைத்தவனுக்கு உரிய விலையையும் கெடுத்தது. முத்திரிக் கிணற்றில் ஒன்றாகத் தண்ணீர் இறைத்த கைகள் அந்தத் தீட்டின் அடியில் வெட்டின.

பிறகு ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் எழுந்தன. பேருக்கு ஏற்றபடி அவை நிழல் தரும் இடங்கள். ஓலைக் கூரை, மண் தரை. வந்தவர் யார் என்று கேட்காமல் உட்கார இடம், பசித்தவருக்கு அன்னம். பல தாங்கல்களில் பிள்ளைகள் எழுத்தும் படித்தார்கள். படிப்பு இல்லாதவன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பான். படித்தவன் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பான். 1841இல் அய்யாவின் சீடர் அரிகோபாலன் அகிலத்திரட்டு அம்மானையை எழுதியதும் பனையோலையில்தான். அதிகாரி வீட்டுக்கு ஊழியமாகச் சுமந்துபோன அதே ஓலை, நம் திருஏடாக ஆனது.

கொல்லம் 1026 வைகாசி 21ஆம் நாள், அதாவது 1851 ஜூன் மாதத்தில், அய்யா வைகுண்டம் சென்றார்கள். சொத்து என்று எதையும் தமக்காகச் சேர்த்துவைக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1855இல், திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணை இட்டது. 1859இல் நம் பெண்கள் மேலாடை அணிய உரிமை தந்து பிரகடனம் வந்தது. 1936இல் எல்லோருக்கும் கோயில் கதவு திறந்தது. நாடு விடுதலை ஆன பின் வந்த அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கூலியில்லாத கட்டாய வேலையைக் குற்றம் என்கிறது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற சட்டமும் வந்தன. இவற்றுக்காகப் பலர், பல இடங்களில், பல பேரில் போராடினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னே, குழிக்குள் இருந்தும் சிறைக்குள் இருந்தும் அதே நியாயத்தை அய்யா சொன்னார்கள் என்பது நமக்குப் பெருமை. பெருமையோடு பொறுப்பும் சேர்ந்து வருகிறது.

இன்று நம் கையில்

நம் முன்னோர் ஊழியம் செய்தவர்கள். இன்று நம்மில் பலர் வேலை வாங்குகிறவர்கள். முந்திரி ஆலை, செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், ஜவுளிக்கடை, கட்டிட வேலை, ஓட்டல் என்று அய்யா அருளால் நம் மக்கள் பல தொழிலில் உயர்ந்திருக்கிறார்கள். உயர்ந்ததில் தவறு இல்லை. உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து நாம் பிரவர்த்திக்காரர் ஆகிவிட்டோமா என்பதே கேள்வி.

பேசின கூலியைச் சனிக்கிழமை தராமல் அடுத்த வாரம் என்று இழுப்பது ஊழியத்தின் தம்பி. முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறு இடம் போகாதே என்று ஆளைக் கட்டிவைப்பது ஊழியத்தின் அண்ணன். ஆணுக்கு ஒரு கூலி, அதே சட்டியைச் சுமக்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்றால், பெண்களுக்காக அய்யா இருந்த தவத்தை நாம் வாசித்ததற்கு என்ன பொருள்? கடையில் நிற்கும் பெண்பிள்ளைகள் காலை முதல் இரவு வரை உட்காராமல் நிற்கிறார்கள். அவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் நம் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்க அய்யாவின் பிள்ளைக்குச் சட்டம் வேண்டுமா?

இப்போது நம் ஊர்களில் வேலைக்கு வருகிறவர்களில் வடமாநிலத்துப் பிள்ளைகள் நிறைய. மொழி தெரியாது, கேட்க ஆள் கிடையாது. தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது சிங்காரத்தோப்பின் சீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்கு ஒரு கூலி, அவர்களுக்கு ஒரு கூலி என்று நாம் வைத்தால், அய்யா மறுத்த சீட்டில் நாம் ஒப்பமிட்டவர்கள் ஆவோம். அவர்கள் தாங்கலுக்கு வந்தால் நம்மோடு பந்தியில் உட்காருகிறார்கள். யாரும் தடுப்பதில்லை, அது நல்லது. பந்தியில் இருக்கிற சமத்துவம் சம்பளச் சீட்டிலும் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் பதிகளையும் தாங்கல்களையும் பற்றி ஒரு வார்த்தை. நான் தாங்கலில் பணிவிடை செய்கிறவன். அதிகாலையில் முற்றம் தூப்பது, தண்ணீர் பிடிப்பது, திருநாள் நாட்களில் பாத்திரம் கழுவுவது எல்லாம் கூலி இல்லாத வேலைதான். அப்படியானால் இதுவும் ஊழியமா என்று ஓர் இளைஞன் கேட்டான். நல்ல கேள்வி. பணிவிடைக்கு நான் என் மனதால் வருகிறேன். வர முடியாத நாளில் வராமல் இருக்கலாம். யாரும் அடிக்கமாட்டார்கள், என் வீட்டு அடுப்பும் அணையாது. ஊழியத்தில் இல்லை என்று சொல்ல வழியே கிடையாது. வேலை ஒன்றாகத் தெரியலாம். இல்லை என்று சொல்லும் உரிமை எங்கே இருக்கிறதோ அது பணிவிடை. அந்த உரிமை எங்கே இல்லையோ அது ஊழியம்.

இந்த வேறுபாட்டை நாம் தாங்கல் காரியங்களிலேயே கவனிக்க வேண்டும். மதில் கட்டக் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். அய்யா வேலைதானே, கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். கொத்தனாருக்கு நாலு நாள் வேலை கிடைக்காத வாரம் அது. இல்லை என்று சொன்னால் அடுத்த வேலை போய்விடும் என்று அவர் பயப்படுவார். பக்தியின் பேரைச் சொல்லி அவருடைய அரைநாள் கூலியை நாம் பிடித்துக்கொண்டால், அந்த மதிலில் எத்தனை கல் அய்யாவுடையது, எத்தனை கல் அவர் பிள்ளைகளுடையது? முழுக் கூலியை முதலில் கையில் கொடுப்போம். பிறகு அவராக மனமுவந்து ஒரு நாள் வேலையைப் பணிவிடையாகத் தந்தால், தலைப்பாகை கட்டி அவரை நம்மோடு நிறுத்தி நன்றி சொல்லுவோம். பந்தல் போடுகிறவர், மேளக்காரர், சமையல்காரர், வண்டிக்காரர், கழிப்பறை சுத்தம் செய்கிறவர் எல்லோருக்கும் இதே முறைதான்.

வரவு செலவுக் கணக்கைத் திருநாள் முடிந்ததும் எல்லோரும் வாசிக்கும்படி எழுதி ஒட்டுவோம். ஏழை கொடுத்த பத்து ரூபாயும் அதில் பேரோடு இருக்கட்டும். அதிகம் கொடுத்தவருக்கு முன்வரிசை, கொடுக்காதவருக்குப் பின்வரிசை என்ற வழக்கம் எங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வோம். காணிக்கை கேட்காத அய்யாவின் சந்நிதியில் பணத்துக்கு முன்னிடம் கிடையாது.

தர்மயுகம் வரும் என்று நம்புகிறோம். அது வரும்போது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால், சொல்லுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அங்கே யாரும் யாருக்கும் பயந்து வேலை செய்யமாட்டார்கள். உழைத்தவன் வியர்வை காயுமுன் அவன் பங்கு அவன் கைக்கு வந்துவிடும். ஒரே கிணற்றில் எல்லோரும் தண்ணீர் இறைப்பார்கள். அந்த யுகத்தின் ஒரு சிறு மூலையை நம் கடையிலும் நம் தோட்டத்திலும் நம் தாங்கலிலும் இன்றே நாம் தொடங்கலாம். வருகிற சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரமே அதற்கு நல்ல நேரம்.

அய்யா எல்லோருக்கும் நல்ல புத்தியும் நிறைந்த வாழ்வும் தருவாராக.

அய்யா உண்டு.